உங்கள் நாயின் தட்டில் எத்தனை கிராம் புரதம்?

நம் வீடுகளில் நாய்க்கென்று தனிச் சமையல் பெரும்பாலும் கிடையாது. மதியம் வடித்த சோறு இருக்கும். அதில் தயிரையோ பாலையோ ஊற்றிக் குழையப் பிசைந்து வைப்பார்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் ரசம் சாதம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் மிஞ்சிய எலும்பு. நாயும் தட்டை வழித்து நக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். சில மாதங்கள் கழித்து அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “நல்லாத்தான் சாப்பிடுது டாக்டர், உடம்பே பிடிக்க மாட்டேங்குது.”

அந்தத் தட்டை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்.

பத்து கிலோ எடையுள்ள, வளர்ந்த நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கருத்தடை ஆனது, வீட்டோடு இருப்பது. அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி வேண்டும். 350 கிராம் சோறும் 250 கிராம் கெட்டித் தயிரும் பிசைந்து இரண்டு வேளையாக வைத்தால் ஏறக்குறைய அந்தக் கலோரி வந்துவிடும், நாய்க்கும் பசி தெரியாது. ஆனால் புரதம்? சோற்றில் 9 கிராம், தயிரில் 8 கிராம், ஆக 17. தயிருக்குப் பதில் நீர்மோர் என்றால் அது பத்து, பதினொன்றுக்கு இறங்கிவிடும்.

இந்த 17 போதுமா? உலகில் நாய் உணவுக்கு அதிகம் எடுத்தாளப்படும் அளவுகோல்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் வெளியிட்டது. வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்கு 25 கிராம் புரதம் அதன் பரிந்துரை. உடல் எடையை வைத்து அவர்கள் சொல்லும் கணக்குப்படி நம் பத்து கிலோ நாய்க்கு அது சுமார் 18 கிராம். இன்னொன்று, ‘ஆஃப்கோ’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவு. அது 1,000 கலோரிக்கு 45 கிராம் கேட்கிறது. ஈரம் நீக்கிய தீனியின் எடையில் 18 சதவீதம் என்றும் இதையே சொல்வார்கள். அதன்படி நம் நாய்க்கு 28 கிராம். முதல் அளவு, எளிதில் செரிக்கும் தரமான புரதத்தை மனதில் வைத்துச் சொன்னது. இரண்டாவது, எந்தப் பொருளில் செய்த தீனியாக இருந்தாலும் நாய்க்குக் குறை வந்துவிடக் கூடாது என்று கூடுதல் இடம் விட்டுச் சொன்னது. சோறும் பருப்பும் கொஞ்சம் கறியுமாகக் கலந்து போடும் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இரண்டாவதைப் பிடித்துக்கொள்வதே பத்திரம் என்பது என் கருத்து.

ஆக, வளர்ந்த நாய்க்குக் கெட்டித் தயிர் சாதம் கீழ்க்கோட்டைத் தொடுகிறது, மேல்கோட்டுக்கு எட்டவில்லை. தயிர் சாதம் போடுகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இணைய வாதங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சோறு நாய்க்கு விஷமல்ல. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருந்தன. நாய்களிடம் நாலில் தொடங்கி முப்பது வரை இருந்தன. மனிதனோடு வாழ்ந்து மனிதன் சாப்பாட்டைச் சாப்பிட்டே நாயின் குடல் மாறியிருக்கிறது. சோற்றை அது செரிக்கும், அதிலிருந்து தெம்பு பெறும். சோற்றைக் கொண்டு தசை கட்ட முடியாது என்பதுதான் சிக்கல்.

அதே 2013இல் வெளியான இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்தும். பல இன நாய்களுக்குப் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து வெவ்வேறு விகிதத்தில் உள்ள தீனிகளை வைத்து, அவற்றின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நாய்கள் தாமாகத் தேர்ந்தெடுத்ததில் சுமார் 30 சதவீதக் கலோரி புரதத்திலிருந்து வந்தது. மாவுச்சத்திலிருந்து வந்தது வெறும் 7 சதவீதம். மீதி எல்லாம் கொழுப்பு. நம் தயிர் சாதத்தில் புரதத்தின் பங்கு 11 சதவீதம். நாய்க்குப் பிடித்ததெல்லாம் நாய்க்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. அத்தனை கொழுப்பு வீட்டு நாய்க்கு ஆகாது. ஆனாலும் அதன் நாக்கு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெரிகிறது.

குட்டிக்கு வரும்போது கணக்கு உடைகிறது

வளர்ந்த நாய் எப்படியோ சமாளித்துவிடும். குட்டியால் முடியாது. மூன்று மாதக் குட்டி, ஐந்து கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாயின் எடையில் பாதிதான், ஆனால் அதற்குத் தேவைப்படும் கலோரி சுமார் 700. புரதம் 1,000 கலோரிக்கு 56 கிராம் வீதம், நாளொன்றுக்கு 39 கிராம். பத்து கிலோ நாயைவிட ஐந்து கிலோ குட்டிக்கு அதிகப் புரதம் வேண்டும் என்பதைப் பலரால் நம்பவே முடிவதில்லை.

தயிர் சாதத்தில் அந்த 700 கலோரியை எடுக்க வேண்டுமென்றால் குட்டி முக்கால் கிலோ சோறு தின்ன வேண்டும். ஐந்து கிலோ உடம்புக்கு முக்கால் கிலோ! அப்படித் தின்றாலும் 20 கிராம் புரதம்தான் கிடைக்கும், தேவையில் பாதி. குட்டி முடிந்த அளவு வயிற்றை ரொப்பிக்கொள்கிறது. வயிறு பானையாக முன்னே தள்ளுகிறது, முதுகெலும்பு முள்முள்ளாகத் தெரிகிறது. “பாருங்க, தொப்பை போட்டிருக்கு” என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். அந்தத் தொப்பையில் பாதி சோறு, பாதி பெரும்பாலும் குடற்புழு. பூச்சி மருந்து கொடுக்காத குட்டிக்கு எவ்வளவு புரதம் போட்டாலும் அதில் ஒரு பங்கைப் புழு வாங்கிக்கொள்ளும். எனவே உணவை மாற்றுவதற்கு முன்பே பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று பார்ப்பது முறை.

லேப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டி வாங்கியவர்களிடம் வேறொரு பயம் இருக்கிறது. கறி அதிகம் போட்டால் மளமளவென்று வளர்ந்து எலும்பு கோணிவிடும் என்பார்கள். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு வெவ்வேறு அளவில் புரதம் கொடுத்து வளர்த்து, அந்த ஆய்வை 1991இல் வெளியிட்டார்கள். எலும்பு வளர்ச்சிக் கோளாறுக்குப் புரதம் காரணமாகத் தெரியவில்லை. உண்மையான குற்றவாளிகள் அளவுக்கு மீறிய கலோரியும் அளவுக்கு மீறிய கால்சியமும். சின்னக் குட்டியின் குடலுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் இன்னும் வந்திருக்காது. ஊற்றியதில் பெரும் பங்கு உள்ளே போய்விடும். நம் ஊரிலோ புரதத்தைக் குறைத்துவிட்டு, மருந்துக் கடையில் வாங்கிய கால்சியம் டானிக்கை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றுகிறோம். சமச்சீரான குட்டித் தீனி தின்னும் பெரிய இனக் குட்டிக்கு அதற்குமேல் கால்சியம் டானிக் கொடுப்பது கெடுதல்.

மறுபுறம், வெறும் எலும்பில்லாத கறியையே போட்டு வளர்க்கும் புதுப் பணக்காரத் தவறும் இப்போது பெருகுகிறது. கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் இறங்கும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கும். முன்னங்கால் வளையும், பாதம் தட்டையாக விரியும், சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். புரதம் வேண்டும் என்று நான் சொல்வதைக் கறி மட்டும் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குட்டி ஈன்ற தாய் நாயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பால் கொடுப்பது உச்சத்தில் இருக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் அதற்குச் சாதாரண நாளைப் போல இரண்டு மூன்று மடங்கு கலோரி தேவைப்படும். குட்டிகள் நிறைய இருந்தால் அதற்கும் மேலே போகும். பாலில் போகிற புரதமெல்லாம் அதன் உடம்பிலிருந்து போகிறது. தெருமுனையில் குட்டி போட்ட நாய்க்குக் கஞ்சி ஊற்றும் நல்ல மனசு நம் ஊரில் உண்டு. அந்தக் கஞ்சியில் இரண்டு அவித்த முட்டையை உடைத்துப் போட்டால் நாலைந்து குட்டிகளுக்கும் சேர்த்துப் போட்டதாகும்.

புரதம் உள்ளே போய் என்ன செய்கிறது?

உண்ட புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றில் பத்தை நாயின் உடம்பால் உண்டாக்கிக்கொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். லைசின், மெத்தியோனின், டிரிப்டோஃபேன், ஆர்ஜினின் எல்லாம் அந்தப் பத்தில் அடக்கம். ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தும் தசை கட்டும் வேலை அந்தக் குறைந்த அளவோடு நின்றுவிடும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் உண்டு, மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். முட்டையிலும் இறைச்சியிலும் மீனிலும் பத்தும் சரியான விகிதத்தில் இருக்கின்றன. அதனால்தான் கிராம் கணக்கு மட்டும் போதாது, எதிலிருந்து வந்த கிராம் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேர்த்துவைக்க உடம்பில் கிடங்கு கிடையாது. இன்று தேவைக்கு மேல் தின்றதை ஈரல் உடைத்து, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். மீதியை எரித்துத் தெம்பாக்கும் அல்லது கொழுப்பாக்கும். நாளைக்குத் தேவையானது நாளைக்கே வர வேண்டும். வராதபோது உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி, மற்ற ஆறு நாளும் மோர் சாதம் என்ற ஏற்பாடு இதனால்தான் உதவாது. அதே கறியை ஏழாகப் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்து, தினம் ஒரு பங்கு வேகவைத்துப் போட்டால் செலவு ஏறாமல் பலன் ஏறும்.

அடுத்தது, ‘சூடு’. “முட்டை சூடுங்க, முடி கொட்டும்”, “கோழி போட்டா சொறி வரும்” என்று சொல்லியே எத்தனையோ நாய்களின் தட்டிலிருந்து முட்டையும் கோழியும் எடுக்கப்பட்டிருக்கின்றன. முடி என்பதே கிட்டத்தட்ட முழுவதும் புரதம். நாய் அன்றாடம் உண்ணும் புரதத்தில் கால் பங்குக்கு மேல், சில இனங்களில் 30 சதவீதம் வரை, தோலுக்கும் முடிக்கும் செலவாகிறது. புரதம் குறையும்போது உடம்பு முதலில் கைவிடுவது இதயத்தையோ ஈரலையோ அல்ல, முடியைத்தான். பளபளப்பு போய், முடி வறண்டு, கொத்தாக உதிர்கிறது. முடி கொட்டுகிறதே என்று முட்டையை நிறுத்துகிறவர், கொட்டுவதற்கான காரணத்தை இன்னும் கூட்டுகிறார்.

கோழிக்கறி ஒவ்வாமை என்பது உண்மையிலேயே இருக்கிறது, அதை மறுக்க முடியாது. நாய்களுக்கு உணவு ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்களைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் மாட்டிறைச்சி முதலிடம், பால் பொருட்கள் இரண்டாம் இடம், கோழி மூன்றாம் இடம், கோதுமை நான்காம் இடம். கோழியை நிறுத்திவிட்டுத் தயிரைத் தொடர்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மேலும் நம் ஊர் ஈரப்பதத்தில் நாய் சொறிவதற்கு உண்ணியும் தெள்ளும் பூஞ்சையும் முதல் காரணம். அவற்றைப் பார்த்து முடித்த பிறகே சாப்பாட்டின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

“அந்தக் காலத்துல எங்க தாத்தா வளர்த்த நாய் கூழ் குடிச்சே முயல் பிடிச்சுது” என்று கரிசல் பக்கம் சொல்வார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் கோம்பையும் கம்பங்கூழிலும் சோளக்கூழிலும் வளர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த நாய் கூழை மட்டும் குடிக்கவில்லை. விடிந்தால் காட்டுக்குப் போயிற்று. எலி பிடித்தது, ஓணான் பிடித்தது, வேட்டையில் குடலும் ஈரலும் அதன் பங்காக வந்தன. வீட்டில் தெம்புக்குக் கூழ், வெளியே புரதத்துக்கு வேட்டை என்றுதான் அதன் பிழைப்பு ஓடிற்று. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம், நீடிக்க வேண்டும். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற அதே ராஜபாளையம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. நாம் கையில் எடுத்து வைப்பதைத் தவிர அதன் வாய்க்கு வேறெதுவும் போவதில்லை. கூழை மட்டும் பாரம்பரியம் என்று பிடித்துக்கொண்டு, பாரம்பரியத்தின் மறு பாதியை விட்டுவிட்டோம்.

கிழட்டு நாய்க்கு இழைக்கும் அநியாயம்

எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் இடம் இது. நாய்க்கு எட்டு, ஒன்பது வயது ஆனதும், “வயசாயிடுச்சு, கிட்னி தாங்காது” என்று கறியையும் முட்டையையும் நிறுத்திவிட்டுக் கஞ்சிக்கு மாற்றிவிடுகிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் முதுமையில் தசை தானாகவே கரையத் தொடங்கும் நேரம் பார்த்து, அதைக் கட்டும் பொருளை நிறுத்தியதாகிறது. ஆறு மாதத்தில் பின்னங்கால் மெலிந்து நடுங்கும். வழுக்குத் தரையில் எழ முடியாது. மாடிப்படி ஏறாது. “மூட்டுவலி” என்று எண்ணெய் தேய்க்கிறார்கள். வலி மூட்டில் மட்டும் இல்லை, மூட்டைத் தாங்க வேண்டிய தொடைச் சதையே அங்கே இல்லை.

வயதான நாய்க்குத் தன் உடம்பின் புரத இருப்பைக் காப்பாற்றிக்கொள்ள இளம் நாயைவிட ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதலாகப் புரதம் வேண்டியிருக்கிறது என்று 1966இலேயே ஆய்வு வந்துவிட்டது. கிட்னி பயத்துக்கும் நேரடியான பதில் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதிய நாய்களில் ஒரு சிறுநீரகத்தை அகற்றிவிட்டு, ஒரு பிரிவுக்கு 18 சதவீதப் புரதமும் இன்னொரு பிரிவுக்கு 34 சதவீதப் புரதமும் கொடுத்து நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தது. மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தை அதிகப் புரதம் கெடுத்ததாகத் தெரியவில்லை. இன்றைய கண்ணுக்கு அந்தச் சோதனை கொடூரமாகப் படலாம், எனக்கும் படுகிறது. ஆனால் அந்த நாய்கள் தந்த விடையை முப்பது ஆண்டுகளாகக் காதில் வாங்காமல் இருப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

சிறுநீரக நோய் ஏற்கனவே வந்துவிட்ட நாயின் கதை வேறு. அங்கே முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். நோயின் கட்டத்தைப் பொறுத்துப் புரதத்தையும் அளவோடு குறைப்பார்கள், அதிலும் தரம் உயர்ந்த புரதமாகவே கொடுப்பார்கள். இது ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு, வயதை வைத்து வீட்டில் எடுக்க வேண்டியதல்ல. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலைத்திறன் போயிருக்கும் என்பதால், ஏழு வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்ப்பது நல்லது. ஈரலுக்குப் போக வேண்டிய ரத்தம் பிறவிக் கோளாறால் வழி மாறிப் பாயும் சில நாய்களுக்கும் புரதத்தில் கட்டுப்பாடு உண்டு. டால்மேஷன் வளர்ப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்த இனத்துக்கு யூரிக் அமிலம் சிறுநீரில் கல்லாகும் பிறவி இயல்பு இருக்கிறது. ஈரல், மத்தி மீன் போன்றவற்றைத் தவிர்த்து, முட்டை, பன்னீர் பக்கம் போவது அதற்கு நல்லது.

உங்கள் நாய்க்குத் தசை போதுமா என்று பார்க்க லேப் தேவையில்லை. நாயை நிற்க வைத்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல் நுனியை ஓட்டுங்கள். எலும்புக்குப் பக்கத்தில் மேடாகச் சதை தட்டுப்பட வேண்டும். குழியாக இறங்கினால் தசை போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து நெற்றிக்கு இரு புறமும், கண்ணுக்கு மேலே தொட்டுப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருக்கிறதா? பிறகு தோள்பட்டை, கடைசியாக இடுப்பெலும்பு. குண்டு நாய்க்கும் இதைச் செய்ய வேண்டும். விலாவில் இரண்டு விரல் கொழுப்பு மூடியிருக்க, முதுகில் தசை வற்றிப்போன லேப்ரடார்களைச் சோற்றிலேயே வளர்க்கும் வீடுகளில் நிறையப் பார்க்கலாம். அப்படிப்பட்ட நாயை இளைக்க வைக்கச் சாப்பாட்டை மொத்தமாகப் பாதியாக்கினால் புரதமும் பாதியாகிவிடும். சோற்றைக் குறைத்து, கோழியை அப்படியே விட வேண்டும்.

பாக்கெட்டின் பின்பக்கம்

கடைத் தீனி வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். உலர் தீனியில் ‘கச்சாப் புரதம் குறைந்தது 24 சதவீதம், ஈரம் 10 சதவீதம்’ என்று இருக்கும். குழம்பு போல வரும் பவுச்சில் ‘புரதம் 8, ஈரம் 80’ என்று இருக்கும். எட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஈரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 20 சதவீதம். அதில் 8 என்பது 40 சதவீதப் புரதம். உலர் தீனியில் 90க்கு 24, அதாவது சுமார் 27 சதவீதம்தான். ஆனாலும் 100 கிராம் பவுச்சில் கிடைப்பது 8 கிராமே, அதனால் பவுச்சிலேயே வயிறு நிரப்ப நினைத்தால் செலவு எகிறும்.

பத்து கிலோ நாய்க்கு உலர் தீனி மட்டும் கொடுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் போதும். அதிலேயே 43 கிராம் புரதம் வந்துவிடும், மேற்கொண்டு எதுவும் சேர்க்க வேண்டாம். நம் வீடுகளில் நடப்பது வேறு: ஒரு தட்டுச் சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி ஒரு கை தீனியைத் தூவி, “பெடிகிரிதான் சாப்பிடுது” என்கிறோம். ஒரு கைப்பிடி 20 கிராம் என்றால் அதில் புரதம் 5 கிராம்கூட இல்லை.

அந்தக் ‘கச்சா’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தீனியில் உள்ள புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. டென்மார்க் வேதியியலாளர் யோஹான் கெல்டால் 1883இல் கண்டுபிடித்த முறையில் நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்குகிறார்கள். கோழி நெஞ்சுக்கறியின் நைட்ரஜனும் இறகு, தோல் துணுக்கின் நைட்ரஜனும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். 2007 மார்ச்சில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடிக்கணக்கான பாக்கெட் நாய், பூனை உணவு திரும்பப் பெறப்பட்டது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். மெலமினில் நைட்ரஜன் அதிகம், எனவே சோதனையில் புரதம் உயர்ந்ததாகக் காட்டும். அதைத் தின்ற ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. சதவீதத்தோடு சேர்த்து, பொருட்களின் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது என்பதையும் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். சோளமும் அரிசித் தவிடும் முதலில் வந்து, இறைச்சி ஐந்தாவதாக வந்தால் விலையை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சமையலிலேயே முடியும்

பத்து கிலோ நாய்க்கு ஒரு நாள் கணக்கு இது. சமைத்த சோறு கால் கிலோ, எலும்பில்லாத கோழி 100 கிராம், அவித்த முட்டை ஒன்று, இரண்டு மேசைக்கரண்டி தயிர், வேகவைத்த பரங்கிக்காயோ கேரட்டோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். கலோரி 630ஐ ஒட்டி வரும். புரதம் 30 கிராமைத் தாண்டிவிடும். ஐந்து கிலோ பொமரேனியனுக்குத் தேவை 17 கிராம், இதில் பாதி போதும். இருபது கிலோ நாய்க்கு 48, முப்பது கிலோ லேப்ரடாருக்கு 65. எடை இரட்டிப்பானால் புரதம் இரட்டிப்பாகாது என்பதைக் கவனியுங்கள். சின்ன உடம்பு ஒவ்வொரு கிலோவுக்கும் அதிகமாக எரிக்கிறது. இதே தட்டைக் கால்சியமும் தாது உப்புகளும் சேர்க்காமல் மாதக்கணக்கில் தொடரக் கூடாது. எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை நாயைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

கோழி நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றில்லை. கோழிக்கடையில் கழுத்தும் ஈரலும் மலிவாகக் கிடைக்கும். ஆட்டுக்கறிக் கடையில் நுரையீரல், சுவரொட்டி. கடற்கரை ஊர்களில் மத்தி. ஈரலை மட்டும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ கூடிவிடும். கருவாடு புரதத்தில் உயர்ந்தது, ஆனால் உப்பு மிக அதிகம், வேண்டாம். பிரியாணி மிச்சமும் குழம்புக் கறியும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தச்சோகை கொண்டுவரும். கொழுப்பு மிதக்கும் ஆட்டுக்கறி மிச்சம் கணையத்தை வீங்கவைக்கும். கழுத்தை வேகவைத்தால் எலும்பை எடுத்துவிடுங்கள். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். முட்டையை அவித்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் வைட்டமினைச் சேரவிடாமல் தடுக்கும்.

சைவ வீடுகளிலும் நாய் வளர்க்கலாம். பூனையை அப்படி வளர்க்க முடியாது, நாயை முடியும், ஆனால் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். முட்டை அனுமதிக்கும் வீடு என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முட்டையும் இல்லையென்றால் பன்னீர் 100 கிராமில் சுமார் 18 கிராம், உலர்ந்த சோயா உருண்டை 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்த பொங்கல், மிளகு, முந்திரி, நெய் தாளிப்பு இல்லாமல், வெறும் சோற்றைவிடப் பல மடங்கு மேல். பருப்பை மட்டுமே நம்பினால் மெத்தியோனின் குறையும். அதிலிருந்து உடம்பு உண்டாக்கிக்கொள்ளும் டாரின் குறைந்தால் இதயம் பலவீனமாகலாம். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பட்டாணியும் பருப்பு வகையும் மிகுந்த தானியமில்லாத் தீனி பற்றி எச்சரித்தது இந்த இதயத் தசை நோயை வைத்துத்தான். காரணம் முழுதாகத் துலங்கவில்லை என்றாலும் கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களைச் சுத்த சைவத்தில் வளர்ப்பவர்கள் டாக்டரிடம் சொல்லி இதயத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். மாதக்கணக்கில் தயிர் சாதம் தின்ற குடலில் திடீரென்று கால் கிலோ கோழியைக் கொட்டினால் பேதிதான். முதல் மூன்று நாள் பழைய சாப்பாட்டில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுவதும். மலம் இளகினால் முந்தைய அளவுக்கு இறங்கி இரண்டு நாள் பொறுத்து மீண்டும் ஏறுங்கள். ரத்தமோ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புரதம் கூடும்போது யூரியாவை வெளியேற்ற நாய்க்குத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும், கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, முதுகில் விரல் ஓட்டிப் பார்த்து, குறித்து வையுங்கள். முடியில் மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தசை ஏற அதைவிடக் கூடுதல் நாளாகும், அதுவும் தினசரி நடை இருந்தால்தான்.